பத்தியம் என்ற பெயரில் பட்டினி

புற்றுநோய்ப் பிரிவில் நோயாளியின் குடும்பத்தார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மிஸ்ஸி, என்னென்ன சாப்பிடக் கூடாது?"

நான் தாதி அல்ல, உணவியல் அதிகாரி. ஆனால் மருத்துவமனையில் வெள்ளைச் சட்டை போட்ட பெண்கள் எல்லாருமே நம்மவர்களுக்கு மிஸ்ஸிதான். அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது அந்தக் கேள்விதான். "என்ன சாப்பிட வேண்டும்?" என்று தொடங்குகிறவர்கள் மிகக் குறைவு.

ஏன் அப்படிக் கேட்கிறார்கள் என்பது புரியாமல் இல்லை. நம் வீடுகளில் நோய் என்றாலே பத்தியம். அம்மை போட்டால் பத்தியம், பிள்ளை பெற்றால் பத்தியம், நாட்டு மருந்து சாப்பிட்டால் அதற்கும் ஒரு பத்தியம். காய்ச்சல் வந்தால் மூன்று நாள் கஞ்சி, ரசம், சுட்ட அப்பளம். மூன்று நாளுக்கு அது சரி. உடம்பும் தாங்கும், நாக்கும் தாங்கும். கீமோதெரபியோ நான்கு மாதம், ஆறு மாதம் என்று நீளுகிற விவகாரம். கதிர்வீச்சுச் சிகிச்சை பல வேளைகளில் ஐந்து, ஆறு, ஏழு வாரங்கள் நாள்தோறும் நடக்கும். அத்தனை நாளும் கஞ்சியும் ரசமுமே என்றால் உடம்பு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

புதிதாக வருகிறவர்களிடம் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் காலையிலிருந்து வரிசையாகக் கேட்பேன். பல பேருடைய பதில் இந்த மாதிரி இருக்கும்: காலையில் தண்ணீரில் கரைத்த ஓட்ஸ் மூன்று கரண்டி. பத்து மணிக்கு கேரட், பீட்ரூட் சாறு. மதியம் ஒரு கிண்ணம் கஞ்சி, கொஞ்சம் ரசம். மாலையில் ஓர் ஆப்பிள், சீனியில்லாத வெறுந்தேநீர். இரவில் மறுபடியும் கஞ்சி. பார்க்க மிகவும் சுத்தமான சாப்பாடு. கூட்டிப் பார்த்தால் 600 கலோரியை ஒட்டித்தான் வரும். புரதம் 15 கிராம்கூட இருக்காது.

ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டி நெறிகள் புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 25 முதல் 30 கலோரி வேண்டும் என்கின்றன. புரதம் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையக் கூடாது, முடிந்தால் 1.5 கிராம் வரை போகலாம். 55 கிலோ எடையுள்ள ஒரு மாதுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,400 முதல் 1,650 கலோரி, 55 முதல் 80 கிராம் புரதம். மேலே சொன்ன சாப்பாடு இதில் பாதியைக்கூட எட்டவில்லை. புரதத்தில் கால் பங்கு வந்தால் அதிகம்.

எடை குறைந்தால் என்ன, பிறகு ஏற்றிக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். "நல்லதுதான், ஒல்லியாகிவிட்டீர்கள்" என்று நோயாளியிடமே வாழ்த்துச் சொல்லும் உறவினர்களையும் பார்த்திருக்கிறேன். இந்த நோயில் கரைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் தானாகக் குறைந்தால் அதை நோயால் வந்த உடல் தேய்வு என்று கருத வேண்டும் என 2011-ஆம் ஆண்டு அனைத்துலக நிபுணர் குழு ஒன்று வரையறுத்தது. 60 கிலோ ஆளுக்கு அது 3 கிலோதான். பருமனாக இருப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. மேலே சதை தெரிவதால், உள்ளே தசை கரைவதை வீட்டார் கவனிப்பதில்லை.

கீமோ மருந்துகள் பலவற்றின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்தே கணக்கிடுகிறார்கள். எடை நன்றாக இறங்கிவிட்டால் அந்தக் கணக்கை மறுபடியும் போட வேண்டும். தசை குறைந்த உடம்பில் பக்கவிளைவுகளும் கடுமையாகின்றன. நோயாளி தாங்க மாட்டார் என்று தெரிந்தால் மருத்துவர் அடுத்த சுற்றைத் தள்ளிப்போடுவார், அல்லது மருந்தைக் குறைப்பார். தொண்டை, வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது முகம் அசையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்வார்கள். அது அந்த ஒருவருடைய முகத்துக்கென்றே வார்க்கப்பட்டது. இடையில் கன்னம் ஒட்டி முகம் சிறுத்துவிட்டால் முகமூடி தளர்ந்துபோகும். மறுபடியும் அளவெடுத்து, மறுபடியும் திட்டம் போட வேண்டிவரும். அதாவது, சாப்பாடு சிகிச்சைக்குப் பக்கத்தில் நடக்கும் தனிக் காரியம் அல்ல.

மகன் பயந்தார், அம்மா பட்டினி கிடந்தார்

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சமைத்தவர். பெருங்குடல் புற்று. அறுவைச் சிகிச்சை முடிந்து கீமோ தொடங்கியிருந்தது. மூன்று மாதத்தில் 58 கிலோ 51 ஆகிவிட்டது. இரண்டு முறை கீமோ தள்ளிப்போன பிறகுதான் என்னிடம் அனுப்பினார்கள். கூட வந்த மகன் கைப்பேசியில் ஒரு பட்டியலே வைத்திருந்தார். சோறு கூடாது, பால் கூடாது, முட்டை கூடாது, கோழி கூடாது, இனிப்பு கண்ணில் படவே கூடாது. எல்லாம் புலனத்தில் வந்தவை. "கேன்சர் செல்லுக்கு நாம சாப்பாடு போடக் கூடாது மேடம், பட்டினி போட்டா அது செத்துடும்" என்றார். அவர் அலட்சியக்காரர் அல்ல. வேலைக்குப் போகும் முன் விடியற்காலையில் எழுந்து அம்மாவுக்குச் சாறு பிழிகிறவர்.

மருந்துச் சீட்டு வாங்க அவர் வெளியே போன நேரத்தில் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் பசிக்குது மிஸ்ஸி. ஆனா நான் சாப்பிட்டா பையன் பயப்படுறான். அவன் மொகத்தப் பாக்குறதுக்குப் பசியே பரவால்ல."

பசியே இல்லை என்று சொல்லும் நோயாளிகளோடு மன்றாடுவதுதான் என் தினசரி வேலை. பசியோடு ஒருவர் காத்துக்கொண்டிருந்தது வேறு மாதிரி வலித்தது.

மகன் திரும்பி வந்ததும் சர்க்கரையைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது. அவர் நம்பியது முழுக்கக் கட்டுக்கதை இல்லை, அதனால்தான் அது அவ்வளவு வலுவாகப் பிடித்துக்கொள்கிறது. புற்றணுக்கள் குளுக்கோஸை மிக வேகமாக இழுத்துக்கொள்கின்றன என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டார். 1931-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். இன்றைக்கும் பெட் ஸ்கேன் எடுக்கும்போது குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளை ஊசி வழியே செலுத்தித்தான் கட்டி எங்கே ஒளிர்கிறது என்று பார்க்கிறார்கள். ஆனால் சோற்றை நிறுத்தினால் கட்டிக்குக் குளுக்கோஸ் போகாது என்பது அதிலிருந்து வராது. மூளைக்கும் இரத்த அணுக்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும். வாய் வழியாக வரவில்லை என்றால் உடம்பு தன் தசையையே கரைத்து, கல்லீரலில் அதைக் குளுக்கோஸாக மாற்றிக்கொள்ளும். கட்டி அதிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். "தம்பி, நீங்க பட்டினி போடுறது கட்டியை இல்ல, அம்மாவோட காலையும் கையையும்" என்றேன். அந்த அம்மாவின் மணிக்கட்டில் வளையல் முழங்கை வரை ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. சீனி வேண்டாம் என்றால் வேண்டாம், அதில் எனக்கு வழக்கு இல்லை. முட்டை, பால், பருப்பு, மீன் இவற்றை மட்டும் திருப்பிக் கேட்டேன். இரண்டு வாரம் கொடுங்கள், எடை பார்ப்போம் என்று பேசி முடிவானது. அதே கஞ்சிதான். ஆனால் அரிசியோடு ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, இறக்கும் முன் ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கொதிக்கவிட்டு, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய், வறுத்துப் பொடித்த ஈக்கான் பிலிஸ். வெறும் கஞ்சியில் 3 கிராம் இருந்த புரதம் இப்போது 15 கிராமைத் தாண்டிவிடும். இரண்டு வாரம் கழித்து எடை 51.2. கூடவில்லையே என்று மகன் வருத்தப்பட்டார். குறையவில்லை பாருங்கள் என்றேன். அதற்குப் பிறகு ஆறு வாரத்தில் 52.8. மீதி கீமோ தள்ளிப்போகாமல் நடந்தது.

சூப்பு நோயாளிக்கு, கறி நமக்கா?

நம் வீடுகளில் நடக்கும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு முழுக் கோழியைப் போட்டு மணிக்கணக்கில் சூப்பு வைப்பார்கள். சாற்றை வடிகட்டி நோயாளிக்குக் கொடுப்பார்கள். "சத்தெல்லாம் இறங்கியாச்சு" என்று சொல்லிக் கறியை வீட்டார் சாப்பிடுவார்கள். புரதத்தில் பெரும்பகுதி கறியிலேயே இருக்கிறது. சாற்றில் இருப்பது ருசியும் உப்பும் கொஞ்சம் கொழுப்பும்தான். கறியை மையாகப் பிய்த்தோ அரைத்தோ அதே சூப்பில் போட்டுக் கொடுங்கள். கடையில் விற்கும் கோழிச்சாறு குப்பியும் இப்படித்தான். ஒரு முட்டையின் புரதத்துக்கு மேல் அதில் எதிர்பார்க்க வேண்டாம். விலையோ பல மடங்கு.

ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு குவளைப் பாலில் 8 கிராம். அதே பாலில் 30 கிராம் முழுக்கொழுப்புப் பால்மாவைக் கரைத்தால் இன்னொரு 8 கிராம் சேரும், குடிக்கும் அளவு கூடாது. இரண்டு வாய்க்கு மேல் இறங்காதவர்களுக்கு இந்த மாதிரித் தந்திரங்கள்தான் கைகொடுக்கும். மைலோவைக்கூடப் பாலில் கரையுங்கள், வெந்நீரில் வேண்டாம்.

புரட்டாசி வந்தால் எங்கள் பிரிவில் சிக்கல் தொடங்கிவிடும். அம்மாவுக்கு குணமாகும் வரை கறி தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டவர்களும் உண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை. சைவம் பிரச்சினையே இல்லை; சைவம் என்ற பெயரில் ரசமும் அப்பளமும் மட்டும் சாப்பிடுவதுதான் பிரச்சினை. இந்த நாட்டில் இருப்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. எந்தப் பசாருக்குப் போனாலும் தௌஹூவும் தெம்பேயும் மலிவாகக் கிடைக்கும். 100 கிராம் தெம்பேயில் 19 கிராம் அளவுக்குப் புரதம். அதை நம் மசாலாவில் பிரட்டிக் கொடுத்தால் பாட்டிமாரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கெட்டிப் பருப்பு, தயிர், பனீர், சுண்டல் எல்லாம் சேர்ந்தால் சைவத்திலேயே நாளைக்கு 60 கிராம் எட்டலாம்.

மருந்தகத்தில் டின்னில் விற்கும் ஊட்டச்சத்து மாவுகள் தேவைப்படும் நேரம் உண்டு. திட உணவே இறங்காதபோது அவை உயிர் காக்கும். ஆனால் அதை வாங்கப் பணமில்லை என்று கண்கலங்குகிறவர்களுக்கு லிஸ்பனில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். குடல் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற 111 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வீட்டுச் சாப்பாட்டை எப்படி மாற்றுவது என்று தனித்தனியாக ஆலோசனை, ஒரு குழுவுக்கு ஊட்டச்சத்துப் பானம், மற்றவர்கள் வழக்கம்போல. 2005-இல் வெளிவந்த முடிவு இது: சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆன பிறகும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முதல் குழுவினர். பானத்தை மட்டும் நம்பியவர்களின் சாப்பாடு பழைய நிலைக்கோ அதற்கும் கீழோ போய்விட்டது.

வாய் ஒத்துழைக்காத நாட்கள்

இதெல்லாம் சாப்பிட முடிகிறவர்களுக்கு. கீமோ போட்ட வாரத்தில் தாளிக்கும் வாசனையே குமட்டும். அப்போது சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, வாசனை அதிகம் எழும்பாத ஆறிய உணவைக் கொடுக்கலாம். தயிர் சாதம், இட்லி, பாலில் ஊறிய இடியாப்பம், தௌஃபூஃபா. பலருக்குக் காலையில்தான் பசி கொஞ்சம் நன்றாக இருக்கும். எனவே நாளின் பெரிய சாப்பாட்டை அப்போதே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் ஆறு தடவை, எட்டுத் தடவை என்று சிறிதாக. மருந்து ஏறும் நாளில் அவருக்கு மிகவும் பிடித்த பண்டத்தைச் செய்து எடுத்துப்போகாதீர்கள். வாந்தியும் அந்தப் பண்டமும் மூளையில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். 1978-இல் அமெரிக்காவில் கீமோ பெறும் பிள்ளைகளுக்குச் சிகிச்சைக்கு முன் ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு அந்த ஐஸ்கிரீமையே பலர் ஒதுக்கினார்கள்.

வாயில் இரும்பு வாடை அடிக்கிறது என்பார்கள். எவர்சில்வர் கரண்டிக்குப் பதிலாக பிளாஸ்டிக் கரண்டி கொடுங்கள். வாயில் புண் இல்லாவிட்டால் எலுமிச்சை, இஞ்சி, கொஞ்சம் ஊறுகாய் நாக்கை எழுப்பும். காரமே கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. புண், வயிற்றுப்போக்கு இரண்டும் இல்லாதவர் அளவாகச் சம்பல் தொட்டுக்கொண்டு நாலு வாய் கூடுதலாகச் சாப்பிட்டால் எனக்கு மகிழ்ச்சிதான்.

குளிர்ந்தது குமட்டலுக்கு நல்லது என்றேன். ஆனால் குடல் புற்றுக்குக் கொடுக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து போட்டவர்களுக்கு அது பொருந்தாது. மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த நீர் பட்டாலே தொண்டையில் ஊசி குத்துவதுபோல இருக்கும். உங்கள் மருந்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்குத்தான்.

பத்தியம் வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு நான் கொடுக்கும் பத்தியம் வேறு. கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பெரும்பாலான மருந்துகளுக்கு வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். அந்த நாட்களில் கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை வேண்டவே வேண்டாம். வெள்ளையும் மஞ்சளும் நன்றாக இறுக வேண்டும். இரவுச்சந்தையில் வெட்டி வைத்த பழம், வெயிலில் நின்ற ரோஜாக், காலையில் வைத்து மாலைவரை அடுப்பிலேயே கிடந்த தேங்காய்ப்பால் குழம்பு இவையும் வேண்டாம். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். நன்றாகக் கழுவித் தோலுரித்த பழத்துக்குப் பயப்படத் தேவையில்லை. பச்சைக் காய்கறி, பழம் எல்லாவற்றையும் ஒதுக்கும் பழைய கட்டுப்பாடு தொற்றைக் குறைத்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. உங்கள் பிரிவில் தனி விதி இருந்தால் அதன்படி நடங்கள்.

துரியான் பெலாண்டா இலைக் கஷாயம், மஞ்சள் மாத்திரை, காமாட் சாறு என்று பைநிறைய வருவதையும் பார்க்கிறேன். சமையலில் போடும் மஞ்சள் வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு. கீமோ மருந்தோடு அது எப்படி மோதும் என்பதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். கிரேப்ஃப்ரூட் பழம்கூடச் சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். துரியான் பெலாண்டாவில் உள்ள அனோனாசின் நரம்பு அணுக்களுக்கு நச்சு. கரீபியத்தின் குவாதலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் அதிகம் உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நோய் கூடுதலாகக் காணப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஹாருவான் மீன் மட்டும் எனக்குப் பிடித்த சிபாரிசு. அதையும் மீனாகவே குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள், குப்பியில் வாங்க வேண்டாம்.

எல்லாருக்கும் எடை ஏற்றும் ஆலோசனை பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெறும் பெண்கள் பலருக்கு எடை கூடுகிறது. அவர்களுக்குப் புரதம் வேண்டும், நெய் வேண்டாம். நீரிழிவும் நம் சமூகத்தை விடுவதாக இல்லை. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, அதில் இந்தியர்களின் விகிதமே அதிகம். வாந்திக்காகக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். அதைக் கண்டு பயந்து சாப்பாட்டை வெட்டுகிறார்கள். வெட்டாதீர்கள். மருந்தைக் கூட்டிக் குறைப்பதற்கு மருத்துவர் இருக்கிறார்.

கடைசி நாட்களைப் பற்றியும் சிலர் கேட்பார்கள், நேரடியாகக் கேட்காமல். "கொஞ்சங்கூடச் சாப்பிட மாட்டேங்கிறார் மிஸ்ஸி, டியூப் போட்டா தெம்பு வருமா?" நோய் முற்றி உடம்பு அடங்கத் தொடங்கியபின் கலோரியும் புரதமும் கணக்கில் வராது. அப்போது வற்புறுத்தி ஊட்டினால் மூச்சடைப்பும் வாந்தியும்தான் மிஞ்சும். உதட்டை நனைத்துவிடுங்கள், கேட்டால் ஒரு கரண்டி ஐஸ்கிரீம் கொடுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள் என்பேன். அதுவரை தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிய பிள்ளைகளுக்கு இதுதான் மிகவும் கடினம். சிலர் என் முன்னாலேயே அழுதுவிடுவார்கள்.

சிகிச்சை நடக்கும் காலத்திலோ காத்திருக்கக் கூடாது. அரசாங்க மருத்துவமனைகளில் உணவியல் அதிகாரிகள் இருக்கிறோம். உங்களை எங்களிடம் அனுப்பச் சொல்லி மருத்துவரிடமே கேட்கலாம். வாரம் ஒரு முறை, காலையில், ஒரே தராசில் எடை பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். முயற்சி செய்யாமலே எடை குறைந்திருக்கிறதா? பசியில்லாமல் வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிடுகிறாரா? இந்த இரண்டு கேள்வியில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அடுத்த தேதி வரை பொறுக்காமல் பிரிவுக்குத் தொலைபேசியில் அழையுங்கள். வரும்போது எடை எழுதிய காகிதத்தோடு, வீட்டில் கொடுக்கும் கஷாயம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். யாரும் திட்ட மாட்டோம்.